சிறு எஞ்சின் வேலை உண்டு

பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்தபோது எனக்குக் கிடைத்த முதற்பணி அரசியல் செய்தி எழுதுவதன்று. வரி விளம்பரங்களை ஒப்புநோக்குவது. கலைப்பட்டம் பெற்றுவிட்டோம் என்ற மிதப்பில் இருந்த எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. ஆயினும் அந்தப் பக்கத்தில் நான் கற்றவை பின்னாளில் ஆசிரியத் தலையங்கம் எழுதியபோது கற்றவற்றைவிட அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. வாகன விற்பனை விளம்பரங்களுக்கு அக்காலத்திலேயே தனியான மொழி ஒன்று இருந்தது. 'வைத்தியர் பாவித்தது', 'ஒரே உரிமையாளர்', 'வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை', 'நேரில் பார்த்தால் விடமாட்டீர்கள்' என்றெல்லாம் வரும். இத்தனை வைத்தியர்கள் இந்த நாட்டில் இருந்தால் நோயாளிகள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று அச்சுக்கோப்பாளர் ஒருவர் கேட்பார்.

அந்த விளம்பரங்களுக்கிடையில் மிக அரிதாக ஒரு வாசகம் தென்படும்: 'சிறு எஞ்சின் வேலை உண்டு.' விற்பவர் தாமாகவே குறையை ஒப்புக்கொள்ளும் ஒரேயொரு விளம்பர வாசகம் அதுதான். அதனால் அதன்மீது எனக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த வாசகத்தில் நான் நம்பாத சொல்லும் ஒன்று உண்டு. அது 'சிறு' என்பது.

2025 ஆம் ஆண்டில் கிளிநொச்சியில் வசிக்கும் என் சித்தியின் மகன் தொலைபேசியில் அழைத்து, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கு ஒரு பழைய வான் வாங்க எண்ணியிருப்பதாகவும், விலை மலிவான ஒன்று அகப்பட்டிருப்பதாகவும், அதில் 'கொஞ்சம் எஞ்சின் பிரச்சினை' இருப்பதாகவும் தெரிவித்தான். வாங்கலாமா என்பது அவனது கேள்வி. கையிலிருந்த பணம் மூன்று வழிகளில் சேர்ந்தது. அவனது சேமிப்பு ஒரு பங்கு. ரொறன்ரோவிலுள்ள அவனுடைய தமையன் அனுப்பியது ஒரு பங்கு. மனைவியின் நகைகளை அடகு வைத்துப் பெறவிருந்தது மற்றொரு பங்கு. இப்படிப்பட்ட பணத்துக்கு ஆலோசனை சொல்வது இலேசான காரியமன்று. விடுமுறை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் புறப்பட்டேன்.

ஏன் ஒரு மனிதன் பழுதுள்ள வாகனத்தை வாங்க நினைக்கவேண்டும், நல்லதாகப் பார்த்து வாங்கக்கூடாதா என்று வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் கேட்கக்கூடும். இலங்கையின் வாகனச் சந்தை கடந்த சில ஆண்டுகளில் அடைந்த கோலத்தை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2020 மார்ச் மாதம் அந்நியச் செலாவணியைக் காப்பதற்கென வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்தத் தடை ஐந்தாண்டுக் காலம் நீடித்தது. அதற்கிடையில் 2022 இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், வரிசையிலேயே சிலர் இறந்ததும், பின்னர் கியூஆர் குறியீட்டு முறையில் வாராந்தப் பங்கீடு வந்ததும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். புதிய வாகனம் வராத நாட்டில் பழைய வாகனத்தின் விலை ஏறியது. ஐந்து வருடம் ஓடிய வாகனத்தை வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்றவர்களை நான் அறிவேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் தடை நீக்கப்பட்டது. ஆனால் எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ப விதிக்கப்படும் வரிகளும் ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்து, இறக்குமதியாகும் வாகனத்தைச் சாதாரண மனிதனுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கின்றன. ஆகவே முப்பது வயதான ஜப்பானிய வான் ஒன்று இங்கே பழைய இரும்பன்று. ஒரு குடும்பத்தின் மூலதனம்.

முதல் வானை வவுனியாவில் பார்த்தோம். எங்களோடு ஒரு முதிய மெக்கானிக்கும் வந்திருந்தார். அவரை அழைத்துச் சென்றது நான் அந்தப் பயணத்தில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். காலை ஏழு மணிக்கு வருவோம் என்று சொல்லியிருந்தும் அவர் எங்களை ஆறு மணிக்கே அங்கு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வீட்டு வாசலில் நின்ற வானை நெருங்கியதும் அவர் செய்த முதல் வேலை, உள்ளங்கையை எஞ்சின் மூடியின்மேல் வைத்துப் பார்த்ததுதான். சூடாக இருந்தது. விற்பவர் இன்னும் முகம் கழுவவில்லை. ஆனால் எஞ்சின் ஏற்கெனவே விழித்திருந்தது. குளிர்ந்த எஞ்சின் காலையில் எப்படி இயங்கத் தொடங்குகிறது, முதல் சில வினாடிகளில் என்ன சத்தம் போடுகிறது, எந்த நிறத்தில் புகை தள்ளுகிறது என்பதிலேதான் அதன் உண்மையான நோய் வெளிப்படும். அதை நாம் காணக்கூடாது என்பதற்காகவே முன்கூட்டி இயக்கிச் சூடாக்கி வைத்திருந்தார்கள்.

"புகை கொஞ்சம் இருக்கு, றிங் வேலைதான். வேற ஒண்டும் இல்லை" என்றார் விற்பவர்.

மெக்கானிக் விவாதிக்கவில்லை. எஞ்சின் ஆறட்டும் என்று சொல்லிவிட்டுத் தேநீர்க்கடைக்கு எங்களை அழைத்துச் சென்றார். திரும்பி வந்து றேடியேற்றர் மூடியைத் திறந்தார். தண்ணீரின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. எஞ்சினை இயக்கச் சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் இடைவிடாமல் எழுந்தன. ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பால் தேநீரின் ஆடைபோல ஒரு வெண்மஞ்சள் பசை ஒட்டியிருந்தது. சிலிண்டருக்குள் இருக்கவேண்டிய அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள்ளும், தண்ணீர் ஒயிலுக்குள்ளும் போயிருந்தன. அந்த எஞ்சின் என்றோ ஒருநாள் கடுமையாகக் கொதித்திருக்கிறது. கஸ்கற் மட்டும் எரிந்ததா, சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டதா, வெடித்தே விட்டதா என்பதை எஞ்சினைக் கழற்றாமல் எவராலும் சொல்ல இயலாது.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "தம்பி, ஒயில் குடிக்கிற எஞ்சின் சொல்லிச் சொல்லித்தான் சாகும். தண்ணி குடிக்கிற எஞ்சின் சொல்லாமல் சாகும். ஒயில் குடிக்கிறதை யோசிக்கலாம். மற்றதைத் தொடாதையுங்கோ."

இதை அவர் சொன்னபோது எனக்கு 2003 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. போர்நிறுத்த உடன்படிக்கை 2002 பெப்ரவரியில் கைச்சாத்தாகி, ஏ-9 வீதி அவ்வாண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டபின், கொழும்பிலிருந்த தமிழர் பலரைப் போல நானும் சொந்த வாகனத்தில் ஊருக்குப் போகும் ஆசையால் பீடிக்கப்பட்டேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பழைய கார் வந்தது. பார்வைக்கு அழகானது, சத்தமில்லை, புகை இல்லை. "தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறையும், வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும்" என்று சொல்லப்பட்டது. தண்ணீர்தானே, காசா பணமா என்று எண்ணினேன். நான் ஒரு கலைப்பட்டதாரி. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் தண்ணீர் குறைவதென்றால் அது எங்கோ போகவேண்டும் என்ற எளிய விஞ்ஞானம் எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஓமந்தையில் சோதனை, புளியங்குளத்தில் மறுபுறத்துச் சோதனை என்று வெயிலில் நின்று நின்று, எஞ்சினை இயக்கி அணைத்து நகர்ந்தோம். மாங்குளத்தை நெருங்கும்போது வெப்பமானி முள் சிவப்பைத் தாண்டியது. மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி எழுந்தது. ஒரு சத்தத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. அன்றைய ஏ-9 வீதியை அறிந்தவர்களுக்கு அடுத்தது விளங்கும். வீதியின் இருமருங்கிலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். பத்தடி தூரத்தில் நின்ற மரத்தின் நிழலுக்குக்கூட எழுபது வயதுத் தாயை என்னால் இறக்கிக்கொண்டு போகமுடியவில்லை. கதவுகளைத் திறந்துவைத்து, கொதிக்கும் வாகனத்துக்குள்ளேயே அவரை இருத்தி, விசிறிக்கொண்டு நின்றேன். மாலையில் பாதை மூடப்பட்டுவிடும் என்ற பயம் வேறு. கடைசியில் ஓர் உழவு இயந்திரக்காரர் கயிறு கட்டி இழுத்துச் சென்றார். அந்தக் காரைத் திருத்த ஆன செலவு அதை வாங்கிய விலையில் பாதிக்குமேல். விற்றவர் பொய் சொன்னார் என்று என்னால் குற்றஞ்சாட்ட முடியவில்லை. தண்ணீர் குறையும் என்று அவர் சொல்லத்தான் செய்தார். அதன் பொருளைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாமலிருப்பதால் ஒரு சந்தை முழுவதுமே எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகலொஃப் 1970 இல் ஒரு சிறு கட்டுரையில் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்ச் சந்தைதான். எது நல்லது, எது கெட்டது என்று பிரித்தறிய முடியாத வாங்குபவன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நடுத்தர விலையைத்தான் கொடுக்க முன்வருவான். அந்த விலைக்குத் தன் நல்ல வாகனத்தைக் கொடுக்க நல்ல வாகனக்காரன் விரும்பமாட்டான், விலகிக்கொள்வான். எஞ்சுபவை கெட்டவை. அவை எஞ்சுகின்றன என்று தெரிந்ததும் விலை இன்னும் கீழே போகும்; அடுத்த தரத்தில் நல்லவையும் விலகும். இந்தக் கட்டுரையைப் பிரசுரிக்க முதலில் மறுத்த ஆய்விதழ்கள் உண்டு. 2001 இல் அவருக்கு வேறு இருவரோடு சேர்த்துப் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஏமாற்றுக் காருக்கு எலுமிச்சை என்று பெயர்; கட்டுரையின் தலைப்பிலும் அந்த எலுமிச்சை இருக்கிறது. நம்மவர்கள் வாகனம் வாங்கியதும் நான்கு ரயர்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே வீதியில் இறக்குகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நாம் வாங்கிய பிறகு வைக்கும் எலுமிச்சையை அமெரிக்கர் வாங்கும்போதே பெற்றுவிடுகிறார்கள் என்று நண்பர் ஒருவரிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

அகலொஃபின் வாதத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் நான் சொல்ல வந்த விடயம் கிடைக்கும். மறைக்கப்பட்ட குறைதான் சந்தையைக் கெடுக்கிறது. சொல்லப்பட்ட குறைக்கு ஒரு விலை போடலாம். எனவே எஞ்சின் பழுதுள்ள வாகனத்தை வாங்கலாமா என்று கேட்பதைவிட, பழுது இன்னதென்று தெரிந்த வாகனத்தை வாங்குவதா, பழுது இல்லையென்று சொல்லப்படும் வாகனத்தை வாங்குவதா என்று கேட்பதே பொருத்தம் என்பேன். முப்பது வருடம் ஓடிய எஞ்சினில் பழுதே இல்லை என்று ஒருவர் சொன்னால், பழுது இன்னும் நமக்குச் சொல்லப்படவில்லை என்றே நான் விளங்கிக்கொள்வேன். புகையை மறைப்பதற்குத் தடித்த ஒயில் ஊற்றுவார்கள். தட்டும் சத்தத்தை அடக்கவும் அதுவே உதவும். ஒயில் கசிவைக் காட்டாதிருக்க எஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக்குவார்கள். தூசி படிந்த எஞ்சினைவிடக் கழுவித் துடைத்த எஞ்சினைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஓடிய தூரத்தைக் காட்டும் இலக்கத்தைப் பின்னுக்குத் திருப்புவதைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் வெள்ளத்துக்குள் நின்ற வாகனங்களும் இனிச் சந்தைக்கு வரும். அவற்றில் ஆசனப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்கவேண்டும் என்று மெக்கானிக் சொல்லித் தந்தார். சேற்றுக் கறையை அதன் கடைசி முழத்தில் எவரும் கழுவுவதில்லையாம்.

இந்த மனிதரின் சொல்லை நான் இவ்வளவு மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் மண்ணெண்ணெய்க் காலத்தில் தொழில் பழகியவர். 1990 இல் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டது. கள்ளமாக வந்த பெற்றோலை மருந்துபோலப் போத்தலில் வாங்கினோம். அப்போது யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய ஐம்பதுகளின் ஆங்கிலக் கார்கள். என் மாமா ஒருவர் ஒஸ்ரின் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்குவார். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை மண்ணெண்ணெயைத் தாங்கின. பின்னர் வந்த ஜப்பானியக் கார்கள் பெரும்பாலும் தாங்கவில்லை, தட்டத் தொடங்கின. புதியது நின்றது, பழையது ஓடியது.

மண்ணெண்ணெயில் ஓடுவதற்கும் ஒரு விலை இருந்தது. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். காலையில் அளவுக்கோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது, கூடியிருக்கும். அது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்று. நீர்த்த ஒயிலில் ஓடினால் பெயரிங்குகள் போய்விடும். ஆகவே மெக்கானிக்குகள் ஒயிலை விரலிடையில் தேய்த்தும் முகர்ந்தும் பார்ப்பார்கள். உதிரிப்பாகம் எதுவும் வராத அந்த ஆண்டுகளில் ஓர் எஞ்சினைக் கழற்றுவதென்றால் கழற்றியதையே திரும்பவும் பூட்டியாகவேண்டும். ஆதலால் கழற்றுவதற்கு முன்பே நோயை அறியும் பழக்கம் அவர்களுக்கு வந்தது. எங்கள் மெக்கானிக் இன்றும் நீண்ட திருகாணிச் சாவி ஒன்றின் நுனியை எஞ்சின் மேனியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார். வைத்தியர் பாவித்த வாகனம் என்பதை நான் நம்புவதில்லை. வைத்தியரைப் போலப் பரிசோதிப்பவரை நம்புகிறேன்.

இரண்டாவது வான் மானிப்பாய்ப் பக்கத்தில் இருந்தது. ஓய்வுபெற்ற சாரதி ஒருவருடையது. நாங்கள் போனபோது எஞ்சின் குளிர்ந்திருந்தது. இயக்கியதும் பின்புறம் நீலப் புகை ஒரு முழத்துக்குத் தெளிவாக எழுந்தது. என் தம்பியின் முகம் வாடிவிட்டது. சாரதி தாமாகவே சொன்னார்: ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஒயில் குடிக்கிறது, இரண்டு வருடமாக இப்படித்தான், ஏற்றத்தில் இழுவை குறைவு, தண்ணீர் குறைவதில்லை, ஒருபோதும் கொதிக்கவில்லை. ஒயில் வாங்கிய சிட்டைகளைக்கூட ஒரு கொப்பிக்குள் வைத்திருந்தார். மெக்கானிக் முன்பு செய்த எல்லாச் சோதனைகளையும் செய்தார். றேடியேற்றருக்குள் குமிழி இல்லை, படலம் இல்லை. ஒயில் கறுப்பு, ஆனால் சுத்தமான கறுப்பு. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் எஞ்சினில் பொறிக்கப்பட்ட இலக்கமும் ஒன்றே. இடையில் எஞ்சினை மாற்றிவிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்ட வாகனங்களை வாங்கிவிட்டு, பெயர் மாற்றும்போது அலைந்தவர்கள் எங்களூரில் பலர்.

இனிக் கணக்குக்கு வருவோம். அதே வயதுடைய, 'நல்ல நிலையில்' என்று சொல்லப்பட்ட வான்களின் விலையைவிட இவர் கேட்டது நான்கரை இலட்சம் குறைவு. எஞ்சினை இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து, பிஸ்ரன், றிங், பெயரிங் மாற்றிப் பூட்ட இரண்டே முக்கால் இலட்சம் ஆகும் என்று மெக்கானிக் மதிப்பிட்டார். மிச்சம் ஒன்றே முக்கால் இலட்சம் என்று தம்பி உடனே சொன்னான். எஞ்சின் வேலையில் மதிப்பீடு என்பது மூடிய பெட்டிக்கு வெளியே நின்று சொல்லும் தொகை. அதில் மூன்றிலொரு பங்கைக் கூட்டிக்கொள் என்றேன் நான். வான் நிற்கும் வாரங்களையும் கூட்டவேண்டும். பாடசாலை வான் பத்து நாள் வராவிட்டால் பெற்றோர் வேறு வான் பார்த்துவிடுவார்கள். திருத்தி முடித்து வரும்போது எஞ்சின் இருக்கும், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். ஆகவே வேலையை விடுமுறைக் காலத்துக்குள், முதல் பிள்ளையை ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டிவிடலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. வரலாறு தெரிந்த எஞ்சினைக் கழற்றி வரலாறு தெரியாத எஞ்சினைப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, அத்தோடு விட்டோம்.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. "புகைக்கிற வானை ஏன் அண்ணா வாங்க விடுறியள்? பிள்ளையள் ஏறுற வான். இன்னும் கொஞ்சம் காசு போட்டு நல்லதா வாங்கச் சொல்லுங்கோவன்" என்றார் தமையன். அவரது கவலை நியாயமானது. நடு வீதியில் பிள்ளைகளோடு வான் நின்றால் என்ன ஆகும் என்பதை மாங்குளத்து வெயிலில் நின்ற எனக்கு அவர் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர் சொன்ன அந்த 'இன்னும் கொஞ்சம் காசு' எங்கிருந்து வரும் என்று கேட்டேன். மீதியிருந்த இரண்டு காப்புகளும் அடகுக்குப் போகவேண்டும். அப்படி எல்லாவற்றையும் திரட்டி வாங்கும் 'நல்ல' வானில் மூன்றாம் மாதம் ஏதாவது நேர்ந்தால் அதைத் திறந்து பார்க்க ஒரு ரூபாவும் கையில் இருக்காது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முற்றத்தில் எஞ்சின் இல்லாமல் நிற்கும் வான்களை நான் கண்டிருக்கிறேன். அவற்றில் பல, வாங்கும்போது நல்ல வான்கள். வாங்கியவர்கள் வாங்குவதற்கே முழுப் பணத்தையும் செலவிட்டவர்கள்.

வெளிநாட்டிலிருந்து உடன்பிறப்புகளுக்கு வாகனத்துக்காகப் பணம் அனுப்பும் வாசகர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் வாழும் நாட்டில் எஞ்சின் பழுதான பழைய வாகனத்தைத் தூக்கி எறிவது சிக்கனமாக இருக்கலாம். அங்கே உழைப்பின் கூலி அதிகம், வாகனத்தின் விலை குறைவு. இங்கே நிலைமை தலைகீழ். கூலி குறைவு, வாகனத்தின் விலை அதிகம். அங்கிருந்து பார்த்து மடமை என்று தோன்றுவது இங்கே புத்தியாக இருக்கக்கூடும். வாகனத்துக்கென்று பணம் அனுப்பும்போது அதில் ஒரு பகுதியைத் திருத்த வேலைக்கென்று பிரித்து, பின்னர் அனுப்புங்கள். முழுவதையும் ஒரே தடவையில் அனுப்பினால் முழுவதும் விலையாகவே போய்விடும். தரகருக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

இந்த வாதம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. எனக்கே பொருந்தாது. கொழும்பில் அடுக்குமாடியில் வசித்துக்கொண்டு, வாரம் இருமுறை கார் எடுக்கும் என்னைப் போன்றவர் நீலப் புகை வாகனத்தை வாங்கினால் அது முட்டாள்தனம். வாகனத்தோடு தினமும் வாழ்பவன், காலையில் ஒயில் பார்த்துவிட்டே சாவியைத் திருப்புபவன், நடந்துபோகும் தூரத்தில் நம்பத்தக்க மெக்கானிக் உள்ளவன், திருத்தச் செலவைத் தனியே வைத்திருப்பவன் வாங்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் வேண்டாம் என்பேன். கடைசியாகச் சொன்னது குறைந்தால் கும்பிட்டுத் தடுப்பேன். தண்ணீர் குறைகிறது என்று ஒருவர் சொன்னால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

வாங்கினோம். எஞ்சினைத் திறந்தபோது ஒரு சிலிண்டரில் ஆழமான கீறல் இருந்தது. கடைந்தால் மட்டும் போதாது, லைனர் போடவேண்டியதாயிற்று. டீசல் பம்பும் கைகாட்டியது. இரண்டே முக்கால் இலட்சம் என்ற மதிப்பீடு மூன்று இலட்சத்து எண்பதாயிரத்தில் போய் முடிந்தது. நான் கூட்டச் சொன்ன மூன்றிலொரு பங்கையும் அது சற்றுத் தாண்டிவிட்டது. இரண்டு வாரம் என்ற வேலை மூன்று வாரமானது. விடுமுறை முடிந்து நான்கு நாள் பிந்தித்தான் வான் வெளியே வந்தது. ஒத்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் மூவர் வேறு வானுக்குப் போய்விட்டார்கள். எழுபதாயிரம் ரூபா இலாபத்துக்கு இத்தனை பாடா என்று ரொறன்ரோத் தமையன் கேட்டார். இலாபக் கணக்கென்றால் அவர் சொல்வது சரி. ஆனால் அந்த எஞ்சினுக்குள் இப்போது என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதே பணத்துக்கு வாங்கியிருக்கக்கூடிய மற்ற வானின் எஞ்சினுக்குள் என்ன இருந்தது என்பது எவருக்கும் தெரியாது. காப்புகள் இரண்டும் வீட்டிலேயே இருக்கின்றன.

வான் ஓடத் தொடங்கிச் சில மாதங்களாகின்றன. தம்பி ஒரு கொப்பி வைத்து, பழைய உரிமையாளரைப் போலவே ஒயில் கணக்கு எழுதி வருகிறான். அடுத்த கோடையில் குடும்பத்தோடு வரும்போது கட்டுநாயக்காவிலிருந்து அந்த வானிலேயே ஊருக்குப் போகப்போவதாகத் தமையன் இப்போது சொல்கிறார். ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரம், ஒன்பது பேர், பயணப்பொதிகள் வேறு. அதற்கு நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறேன், அவர் ஒருதடவை காது வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.